மணி அடிக்கக் கூடாத காட்சி

ஜனவரி 5, திங்கள்

தம்பி ரூபன் ஒரு ஓபரா எழுதி முடித்துவிட்டான். சர்க்கரை, மூட்டுவலி என்று பரம்பரையாக வந்துகொண்டிருந்த குடும்பத்தில் இது புதிது.

ஓபரா என்றால் மேடையில் எல்லாவற்றையும் பாடியே தீர்ப்பார்கள். பேச்சே கிடையாது. ‘கதவைச் சாத்து’ என்று சொல்வதாக இருந்தாலும் மூன்று தடவை இழுத்துப் பாடிய பிறகுதான் கதவைச் சாத்துவார்கள். எங்கள் சபைக் கமிட்டிக் கூட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்கும். சுருதி மட்டும் சேராது.

பாளையங்கோட்டையில் ஓபராவா என்று கேட்டேன். “அக்கா, நாலு குரல்ல பாடுத கொயர் இங்க தெருவுக்கு ஒண்ணு இருக்கு. மெட்ராஸ்லகூட இப்படி ஆள் கெடையாது” என்றான். அது உண்மைதான். இந்த ஊரில் பல் முளைக்கும் முன்பே பிள்ளைகளை மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ என்று பிரித்து உட்காரவைத்துவிடுவார்கள்.

பிப்ரவரி பதின்மூன்றும் பதினான்கும் எங்கள் வேதக்கோயில் மண்டபம் கிடைத்திருக்கிறது. அதற்கடுத்த வாரம் லெந்து நோன்பு நாட்கள் ஆரம்பித்துவிடும். பிறகு ஈஸ்டர் வரைக்கும் மண்டபத்தில் யாரும் சிரிக்கக்கூட முடியாது. விளம்பரமும் மேடை நிர்வாகமும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டான். ஐம்பத்து நாலு வயதில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரிக்குக் கிடைத்த பதவி உயர்வு.

கதை என்னலே என்றேன். “ஒரு பொம்பளையப் பத்தினது” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டான். மாடியில் அவன், கீழே நான், எனக்கு முன்னால் கடை. ஓடினாலும் எங்கே போய்விடப் போகிறான்?

ஜனவரி 7, புதன்

கதை தெரிந்துவிட்டது. பாட்டுப் புத்தகத்தைப் பிரதி எடுக்க என் கடைக்கே கொடுத்தனுப்பியிருந்தான். வருகிற தாளைப் படிக்காமல் ஜெராக்ஸ் எடுப்பது என் தொழில் தர்மம். இரண்டாம் பக்கத்தில் தர்மத்தை விட்டேன்.

தொண்ணூறுகள். பாளையங்கோட்டை. கதாநாயகி எஸ்.டி.டி. பூத் நடத்துகிறாள். மஸ்கட்டிலிருந்து எட்வர்ட் என்று ஒருவன் வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்கு போன் செய்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை செய்யவில்லை. அப்புறம் செய்யவே இல்லை. அவள் காத்திருக்கிறாள், காத்திருக்கிறாள், கடைசியில் போனின் மேலேயே தலையைச் சாய்த்துச் செத்துப்போகிறாள். திரை.

இப்போது என் ஜெராக்ஸ் மெஷின் நிற்கிற இதே அறையில் முன்பு எஸ்.டி.டி. பூத் இருந்தது. நடத்தியது நான். என் பெயர் மலர். கதாநாயகியின் பெயர் புஷ்பா. ஊரில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. துப்பறிகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கென்று ஒரு பிரதி கூடுதலாக எடுத்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எடுத்தேன்.

ஜனவரி 8, வியாழன்

காலையில் அவனைப் படிக்கட்டிலேயே மறித்தேன்.

“ஏல, இது யாரு கதை?”

“பொதுவான கதைக்கா. அந்தக் காலத்துல எத்தன பூத் இருந்துச்சு.”

“எத்தன பூத்துல ‘கத்திப் பேசினால் மஸ்கட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேராது’ன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு?”

“அது அருமையான வரிக்கா. கோரஸ்ல வச்சிருக்கேன்.”

“சரி, அவ எதுல சாகுதா?”

“மனசு ஒடஞ்சு.”

“எந்த டாக்டர் அப்படி எழுதிக் குடுப்பான்?”

“ஓபரான்னா கதாநாயகி கடைசில சாகணும்க்கா. அது மரபு.”

“அவ சாகல. மறுநாள் காலைல கடையத் தொறந்தா.”

“யாரு?” என்றான்.

“புஷ்பா” என்றேன்.

முடிவை மாற்று, இல்லையென்றால் விளம்பரத்துக்கு வேறு ஆளைப் பார் என்று சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறை. கடைசிக் காட்சியில் ஒரு நிமிஷம் இசையே கிடையாதாம். போன் அடிக்காமல் இருக்கிற அந்த அமைதிக்காகத்தான் முன்னால் உள்ள அத்தனையையும் எழுதினானாம். அதில் கை வைத்தால் மொத்தமும் போச்சாம்.

ஆக, நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஊர் முழுக்க நோட்டீஸ் கொடுத்து ஆள் சேர்க்க வேண்டும். அவர்களை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். ஒருத்தன் போன் பண்ணாததால் நான் செத்துப்போனேன் என்று காட்ட வேண்டும். அப்புறம் திங்கட்கிழமை அவர்களுக்கே ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இந்த ஊரில் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் மூன்று வருஷமாக ராத்திரி பகல் பார்க்காமல் எழுதியது. நோட்டீஸ் வாசகம் யோசிக்க உட்கார்ந்தேன்.

ஜனவரி 12, திங்கள்

முதல் ஒத்திகை, மண்டபத்தில். கோரஸுக்கு எங்கள் கோயில் கொயரிலிருந்து நாலு பேர். பேஸ் என்கிற அடிக்குரலுக்கு ரிட்டயர்டு டிரில் மாஸ்டர் தங்கதுரை அண்ணாச்சி. ஆல்ட்டோவுக்கு அவர் மனைவி ரோஸ்லின் மயினி. மற்ற இரண்டு பேரும் பேங்க் உத்தியோகம். பாடும்போதுகூடச் சில்லறை எண்ணுகிற முகம். இவர்கள்தான் பூத்துக்கு வருகிற ஜனங்கள். எட்வர்டாகப் பாட ஆள் கிடைக்கவில்லை. அதனால் எட்வர்டை வயலின் ஆக்கிவிட்டான் ரூபன். ஆள் குறைந்தால் அதற்கு நவீனம் என்று பெயர். வயலின் வாசிப்பவர் ஒரு பல் டாக்டர். எட்வர்ட் உருகும் இடத்தில் எனக்குப் பல் கூசுகிறது.

முதல் கோரஸ் நன்றாகவே வந்தது. முடிந்ததும் ரூபன் கையை இறக்கினான். தங்கதுரை அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, “ஆ… மென்” என்றார். மற்ற மூன்று பேரும் அவரவர் குரலில் சேர்ந்துகொண்டார்கள்.

“அண்ணாச்சி, இது கோயில்ல பாடுத பாமாலை இல்ல. ஆமென் கெடையாது.”

“தெரியும் தம்பி. ஐம்பது வருசப் பழக்கம். வாய் தானாப் போயிருது.”

இரண்டாம் தடவையும் போனது. மூன்றாம் தடவை ரோஸ்லின் மயினி அவர் காலை மிதித்து நிறுத்திவிட்டு, தானே ஆமென் சொல்லிவிட்டார்.

இப்போது ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் ரூபன் சிவப்பு மையில் ‘ஆமென் இல்லை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறான். எங்கள் போதகர் ஐயர் பார்த்தால் ஊழியத்துக்கு விரோதம் என்று நினைத்துக்கொள்வார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் விடுமுறை. ஒத்திகை இல்லை. இன்றைக்கு யாரும் சாகவில்லை.

ஜனவரி 17, சனி

கதாநாயகி வந்துவிட்டாள். ஷெரின், சென்னைப் பெண், இருபத்தாறு வயது, முறைப்படி படித்த சொப்ரானோ. லாட்ஜில் தங்கினால் ஏசி குரலுக்கு ஆகாதாம், அதனால் என் வீட்டில். ஐஸ் தண்ணீர் ஆகாது. புளி ஆகாது. மிளகாய் வறுக்கிற நெடி ஆகாது. நான் சமைக்காமலேயே இருந்துவிட்டால் அவள் குரலுக்கு ரொம்ப நல்லது. ஆனால் பிள்ளை தங்கமான பிள்ளை. குளியலறையில் அவள் குரல் பழக்குகிற நேரத்தில் எதிர்வீட்டு நாய் வாலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.

ரூபன் இன்றைக்குப் பரணில் ஏறி என் பழைய சிவப்பு போனை இறக்கிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. துணி சுற்றி வைத்திருந்தேன். “இத்தன வருசமா ஏன் வச்சிருக்க?” என்றான். பழைய இரும்புக்காரன் வரவில்லை என்றேன்.

உள்ளே இருக்கிற மணிக்கு பேட்டரி கொடுத்து, நீளமாக வயர் இழுத்து, அந்தப் பக்கம் ஒரு காலிங் பெல் சுவிட்ச் மாட்டியிருக்கிறான். சுவிட்சைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓரமாக, திரைக்குப் பின்னால் நான் உட்கார வேண்டும். முதல் மூன்று காட்சிகளில் ரூபன் தலையசைக்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். நாலாவது காட்சியில் அமுக்கக் கூடாது.

“மணி அடிக்கக் கூடாத காட்சிக்கு எதுக்குல ஆள்?” என்றேன்.

“பழக்க தோசத்துல அடிச்சிரக் கூடாதுல்லா, அதான் பொறுப்பான ஆளா வேணும்” என்றான்.

சும்மா இருப்பதற்கு என்னைவிட அனுபவமுள்ள ஆள் அவனுக்குக் கிடைக்காதுதான்.

ஜனவரி 21, புதன்

நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. வாசகம் என்னுடையது: ‘நமது ஊரில் முதல் முறையாக நவீன ஓபரா! அனுமதி இலவசம். மூத்த குடிமக்களுக்கு முன்வரிசை.’ சுருக்கமாக, கண்ணில் படும்படி இருக்கிறது. மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல் எல்லா இடத்திலும் கொடுத்தாயிற்று.

ஜனவரி 23, வெள்ளி

காலையிலேயே ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஸ்கேன், சீட்டு எல்லாம்.

“ஓபரா இங்கதான் பதியணுமா தாயி? கண்ணுக்கா, மூட்டுக்கா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் நோட்டீஸை எடுத்துப் படித்துப் பார்த்தேன். முதல் முறையாக, நவீன, இலவசம், மூத்த குடிமக்கள்: ஓபரா ஆபரேஷனாகிவிட்டது. நானாக இருந்தாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பேன்.

“காதுக்கு” என்றேன்.

“காதுக்கும் பண்ணுதாங்களா!” என்று சந்தோஷப்பட்டு, தன் பெயரையும் மனைவி பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். மத்தியானத்துக்குள் இன்னும் பலர். ஒரு அம்மா, முந்தின நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் வர வேண்டுமா என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டே வாருங்கள், வலிக்காது என்றேன்.

ரூபனுக்கு ஒரே கோபம். இசை நாடகம் என்று மாற்றலாமா என்றான். அப்படிப் போட்டால் விடிய விடிய நடக்கும் என்று போர்வையோடு வந்துவிடுவார்கள் என்றேன். ஓபராவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஜனவரி 28, புதன்

பூத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று ஷெரின் கேட்டாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பில் கிழிப்பதைக் காட்டிக்கொடுத்தேன். இரண்டாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டாள். கழுத்து இன்னும் எனக்கு அப்படியே சாய்கிறது, கர்மம்.

“ஆன்ட்டி, எட்வர்ட் எப்படிப் பேசுவாரு? வேகமாவா, மெதுவாவா?”

“எட்வின் எங்க பேசினான்? ‘அப்புறம்’, ‘அப்புறம்’னே பாதி நேரத்த ஓட்டிருவான்” என்றேன். பிறகு எட்வர்ட் என்று திருத்தினேன். ஷெரின் வெந்நீரை ஊதிக்கொண்டிருந்தாள். கவனித்திருக்கமாட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “கடைசி சீன்ல எனக்கு ஒண்ணு இடிக்குது ஆன்ட்டி. ஒருவேளை அந்த போன் அடிச்சிருந்தா அவ என்ன சொல்லியிருப்பா? அது தெரிஞ்சாதான் என்னால வெயிட் பண்ற மாதிரி உக்கார முடியும்” என்றாள்.

“என்னத்தச் சொல்லுவா? ராங் நம்பர்னு சொல்லி வச்சிருப்பா.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“சோறு ஆறுது, சாப்பிடு” என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆராதனை முடிவில் ஐயர் அறிவிப்பு வாசித்தார். ‘நம் சபையின் சகோதரர் ரூபன் எழுதிய, தொலைபேசி நிலையம் நடத்திய ஒரு சகோதரியின் கண்ணீர் நிறைந்த சரித்திரம்.’ மொத்தக் கோயிலும் என் பக்கம் திரும்பியது. ஐயருக்கு ரொம்ப நன்றி. ரூபன் ஒரு பெயரையாவது மாற்றியிருந்தான்.

வெளியே வந்ததும் ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள். என்னோடு பத்தாவது வரை படித்தவள். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருந்த காலத்தில் பூத்தில் அவள் அழுத அழுகையெல்லாம் எனக்குத் தெரியும். அவள் மாமியாரைப் பற்றிச் சொன்னதும் தெரியும்.

“ஏட்டி மலரு, ஒங்கதையாமே?”

“புஷ்பா கதை.”

“அந்த மஸ்கட்காரன் இப்ப எங்கட்டி இருக்கான்?”

“வயலின்ல இருக்கான்.”

அவளுக்குப் புரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம்ட்டி நீ. ஒருத்தனையே நெனச்சிக்கிட்டு வாழ்க்கையையே தொலச்சிட்ட” என்றாள். கண்ணில் உண்மையாகவே தண்ணீர்.

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன். வட்டிக்காரன், கேலி பேசுகிறவன், எல்லாரையும் இந்த வாயால் சமாளித்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். பாவம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை, சொல்ல விட்டதில்லை. பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புளி இல்லாததால் ஷெரினும் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 4, புதன்

மறுபடி சண்டை. அவள் சாகாமல் எழுந்து போகட்டும், போதும் என்றேன். முடியாது என்றான். குரல் எழும்பிவிட்டது.

“நான் அந்த மூலையில ஒக்காந்துதான்க்கா படிச்சேன். நீ வெள்ளிக்கிழமைன்னா அந்த ஊதாச் சேலையக் கட்டிட்டு வருவ. போன் அடிச்சா மொதல்ல தலைமுடியத் தடவிட்டுத்தான் எடுப்ப. அவன் நிறுத்தின பெறகும் அதே சேலையக் கட்டிட்டு வந்து அந்தப் போனயே பாத்துட்டு இருந்த. அது அடிக்கவே இல்ல. எனக்கு அவன் மூஞ்சிய ஒடைக்கணும் போல இருந்துச்சு. முடியல. அதான் எழுதினேன்.”

இவன் அந்த மூலையில் கணக்குப் போடுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

“நீ ரெண்டாயிரத்துல மெட்ராஸ் போயிட்டல்லா?” என்றேன்.

“ஆமா, அதுக்கு?”

“ஒண்ணுமில்ல.”

பிப்ரவரி 9, திங்கள்

ஒத்திகையில் புஷ்பா இன்றைக்கு மூன்று தடவை செத்தாள். மூன்றாவது சாவு பிரமாதம் என்றான் ரூபன். நான் கடைக்கு வந்து ஒருவருக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது என்றார். யாராவது என்னைப் பாராட்டினால் சரிதான்.

பிப்ரவரி 12, வியாழன்

உடையோடு முழு ஒத்திகை. ஷெரின் ஊதாச் சேலையில் வந்தாள். எங்கேயோ தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறான். அச்சு அசல் அதே ஊதா இல்லை, ஆனால் பார்க்க முடியவில்லை.

கடைசிக் காட்சி. வயலின் நின்றது. ரூபன் வாசிக்கிற கீபோர்டு நின்றது. போன் அடிக்கவில்லை. ஷெரின் தலையைச் சாய்த்தாள். ரூபன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த மௌனத்துக்குள் தங்கதுரை அண்ணாச்சி, “ஆ… மென்.”

ரூபன் கீபோர்டின் மேல் நெற்றியை முட்டிக்கொண்டான். அதிலிருந்து வந்த சத்தம்தான் இன்றைக்கு மிக நவீனமான இசை. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “தம்பி, ஒரு பிள்ள செத்துக் கெடக்கு. ஆமென் சொல்லாம எப்படி நிக்க?” என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். நாலாவது காட்சி தொடங்கும்போது அண்ணாச்சி வாயில் ஒரு சூட மிட்டாயைப் போட்டுக்கொள்வார். மிட்டாய் இருக்கும் வரை வாய் திறக்காது.

பிப்ரவரி 13, வெள்ளி

காலை. நல்ல சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். முதல் நாள் காட்சி என்பதால். வெள்ளிக்கிழமை என்பதற்காக இல்லை.

பிப்ரவரி 14, சனி

நேற்று நடந்ததை விடிந்ததும் எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசை இரண்டும் ஸ்கேன் கவரோடு வந்தவர்கள். மூன்றாவது வரிசையில் ஜெசிந்தா, கையில் கைக்குட்டையை முன்கூட்டியே விரித்து வைத்திருந்தாள்.

நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ‘கத்திப் பேசினால் மஸ்கட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேராது’ என்று நாலு குரலில் பாடியபோது மண்டபமே சிரித்தது. என் வரிக்கு அவ்வளவு பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்தத் தம்பிக்கு இவ்வளவு வருமா என்று இருந்தது. அந்த மீட்டர் ஓடும் சத்தத்தை, பில் கிர்ரென்று வெளியே வருவதை, வெள்ளிக்கிழமை மத்தியானம் வரிசையில் நிற்கும் பெண்களின் செருப்புச் சத்தத்தை, எல்லாவற்றையும் அவன் கேட்டு வைத்திருக்கிறான். மூன்று காட்சியிலும் அவன் தலையசைத்த இடத்தில் சரியாக மணி அடித்தேன். பிசகவில்லை.

நாலாவது காட்சி. அண்ணாச்சி மிட்டாயைப் போட்டுக்கொண்டார். வயலின் நின்றது. எல்லாம் நின்றது. ஊதாச் சேலையோடு ஷெரின் அந்தச் சிவப்பு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. ரூபன் கேட்ட அமைதி அவனுக்குக் கிடைத்துவிட்டது.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, “பாவம், பிள்ள” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். ஜெசிந்தாவாகத்தான் இருக்கும். ஷெரினின் தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத் தொடங்கியது.

அமுக்கிவிட்டேன்.

போன் அடித்தது. ரூபன் விலுக்கென்று திரும்பினான். ஷெரின் தலையைத் தூக்கி நேராக என் பக்கம் பார்த்தாள். நான் மறுபடி அமுக்கினேன். மறுபடியும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே கை நீட்டி ரிசீவரை எடுத்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். அந்தப் பக்கம் வயலின்கூட இல்லை, பல் டாக்டர் வாயைத் திறந்துகொண்டு நின்றார். பிறகு அவளுடைய பெரிய குரலில் இல்லாமல், கீழே, ஒரே ஸ்வரத்தில் பாடினாள்.

“ராங் நம்பர்.”

வைத்தாள். பில் புத்தகத்தை எடுத்து ஒரு தாளைக் கிழித்தாள். அடுத்த ஆள் வரலாம் என்பதுபோல வாசலைப் பார்த்தாள்.

இரண்டாயிரத்து மூன்று, ஒரு வெள்ளிக்கிழமை. எட்வின் நிறுத்தி ஐந்து வருஷத்துக்கு அப்புறம். “மலரா?” என்றான். என்னென்ன கேட்க வேண்டும் என்று அத்தனை நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். உயிரோடு இருக்கிறாயா என்பதில் ஆரம்பித்து எவளைக் கட்டினாய் என்பது வரைக்கும். ஒரு வரியும் வரவில்லை. “ராங் நம்பர்” என்றேன். “இது மலர் கொரல்தான” என்றான். வைத்துவிட்டேன். அது அப்புறம் அடிக்கவில்லை. கடையில் யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சேலை நுனியைக் கடித்துக்கொண்டு அழுதேன். பிறகு ஒருவர் தூத்துக்குடிக்குப் பேச வந்தார், நம்பர் போட்டுக் கொடுத்தேன். இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவனுக்காகக் காத்திருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மேடையில் ஷெரின் பில் கிழித்த அந்த நேரத்தில் அண்ணாச்சியின் மிட்டாய் கரைந்துவிட்டிருக்க வேண்டும். நான் கொடுத்த கூடுதல் மணிக்கெல்லாம் அது கணக்கு வைத்திருக்கவில்லை.

“ஆ… மென்.”

மற்ற மூன்று பேரும் சேர்ந்தார்கள். அப்புறம் மண்டபம். பாளையங்கோட்டையில் ஆமென் கேட்டால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? அத்தனை பேரும் எழுந்து, அவரவர் குரலில், நாலு பிரிவாக, ஒரு பிசிறில்லாமல் பாடினார்கள். ஸ்கேன் கவர்காரர்கள்கூட எழுந்து நின்றார்கள். ஜெசிந்தா கைக்குட்டையை மறந்துவிட்டு ஆல்ட்டோ பாடிக்கொண்டிருந்தாள். நான் திரைக்குப் பின்னால் சுவிட்சைப் பிடித்தபடி அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குக் கடையில் நான் அந்தப் போனை வைத்தபோது ஆமென் சொல்ல ஒருத்தர்கூட இல்லை.

வெளியே அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, “தாயி, எனக்கு நல்லாக் கேட்டுது. ஓபரா வேண்டாம்” என்றார்.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து, “மலரு, அவன் நெசமாவே…” என்று தொடங்கினாள். “புஷ்பாகிட்டதான் கேக்கணும்” என்றேன். இந்தத் தடவை பாவம் என்று சொல்லவில்லை. கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

ரூபன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். “கை தவறிப் பட்டுட்டுலே” என்றேன். தலையை ஆட்டினான். வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். மூன்று வருஷ உழைப்பை ஒரு விரலால் கெடுத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். ஷெரின் மட்டும் படுக்கப் போகும்முன் என்னைக் கட்டிக்கொண்டு, புளி போட்ட ரசம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இப்போது, காலை. ரூபன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கையில் அந்த இசைத்தாள், காதில் பென்சில். நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

“இன்னைக்கும் கை தவறுமாக்கா?”

“தவறும்.”

“சரி.” கடைசிப் பக்கத்தை விரித்தான். ‘ஆமென் இல்லை’ என்று சிவப்பில் எழுதியிருந்ததில் ‘இல்லை’யை மட்டும் அடித்தான். அதற்கு மேலே, போன் அடிக்கிறது என்று எழுதினான். எழுதிவிட்டு, நிமிராமலேயே கேட்டான்.

“எத்தன மணி அடிச்ச பொறவு எடுத்த?”

புஷ்பா எத்தனை மணிக்கு அப்புறம் ‘எடுத்தா’ என்று கேட்கவில்லை. ‘எடுத்த’ என்றான்.

அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தேன்.

“நாலு இருக்கும்” என்றேன்.

“நாலு நல்லா இருக்கும்க்கா. கொஞ்சம் தவிக்கட்டும்” என்று சொல்லி, பென்சிலால் நாலு என்று குறித்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

நாலே இருக்கட்டும், மேடைக்கு அதுதான் எடுப்பாக இருக்கும். அன்றைக்கு நான் முதல் மணியை முழுசாக அடிக்கவே விடவில்லை.